நாலாவது இடம்

எனக்குக் கால்பந்து ஆடத் தெரியாது சார். அதனால்தான் தேர்வுக் குழுவில் போட்டார்கள். ஆடத் தெரிந்தவனுக்கு ஆசை இருக்கும், ஆசை இருந்தால் ஓரவஞ்சனை வரும் என்பது ஊர்க் கணக்கு. என் பெயர் வீரராகவன். கோட்டைக்குப்பம். ஃபைபர் படகில் விரிசல் விழுந்தால் ஒட்டுப் போடுவது தொழில்.

பழவேற்காட்டைச் சுற்றியுள்ள குப்பங்களில் காலேஜ் படிக்கும் பையன்கள் ஊருக்கு ஒரு டீம் வைத்திருக்கிறார்கள். பத்து டீம், ஆளுக்கு ஐந்து ஆட்டம். நாலு டீம் அரையிறுதிக்குப் போகும். புள்ளிக் கணக்கு கிடையாது, எந்த டீமுக்குத் தகுதி என்று குழுதான் பார்த்து முடிவு செய்யும். மூன்றைப் பற்றிப் பேச்சே இல்லை. நாலாவது இடம் லைட்ஹவுஸ் குப்பத்துக்கா, எங்களுக்கா என்பதில்தான் மூன்று நாள் வாய்ச்சண்டை.

குழுவில் நான், மீன் ஏலம் எடுக்கும் கௌஸ் மைதீன் பாய், பி.டி. வாத்தியார் ராஜவேலு. லைட்ஹவுஸ் குப்பம் ஐந்து ஆட்டமும் ஜெயித்திருந்தது. யாரிடம்? பாதிப் பேர் கல்யாணத்துக்குப் போயிருந்த டீம்களிடம். எங்கள் பையன்கள் ஒன்றே ஒன்று தோற்றார்கள், அதுவும் போன வருஷம் கோப்பை வாங்கியவர்களிடம். எந்தத் தராசில் வைத்தாலும் எங்கள் பக்கம்தான் தாழும். எங்கள் ஊர் என்பதற்காகச் சொல்லவில்லை.

பாய் சலித்துப்போய், "இன்னாத்துக்கு இவ்ளோ பேச்சு? ஏரில பாடு பிரிக்கிற மாதிரி சீட்டு குலுக்கிப் போட்டுடலாம்பா" என்றார். மீன் பிடிக்கும் இடத்தைச் சீட்டுப் போட்டுப் பிரிக்கலாம். தகுதியைப் பிரிக்க முடியுமா? நான் ஒத்துக்கொள்ளவில்லை.

"அந்த டீம்ல ஸ்டீபன எடுத்துட்டா இன்னா சார் இருக்குது?" என்று வாத்தியாரைக் கேட்டேன். ஸ்டீபன் பி.காம் மூன்றாம் வருஷம். அந்த டீம் போட்ட பதினோரு கோலில் ஒன்பது அவனுடையது.

"அவன் இல்லன்னா உங்க ஊருதான், ஒத்துக்கறேன். ஆனா அவன் இருக்கறானேப்பா" என்றார் வாத்தியார்.

கவனியுங்கள் சார், அது வாத்தியார் வாயால் வந்த தீர்ப்பு. நான் அதை மீறவில்லை.

மறுநாள் விடிந்ததும் லைட்ஹவுஸ் குப்பம் போனேன். ஸ்டீபனின் நைனா படகை ஒருக்களித்து, இரண்டு கட்டை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார். ஒட்டுப் போட என்னைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். பழகிய குடும்பம். அவன் அம்மா ஜெஸ்ஸி இட்லியும் மீன் குழம்பும் வைத்தாள். சாப்பிட்டுவிட்டுத்தான் செய்தேன். வெறும் வயிற்றோடு வேலை செய்தால் எனக்குக் கை நடுங்கும்.

"ஸ்டீபா, அடியில பூந்து விரிசல் எங்கன்னு பாரு" என்றேன்.

"இன்னா மாமா, எங்களுக்குத்தான்னு வாத்தியார் சொல்றாராமே?" என்று சிரித்துக்கொண்டே மல்லாந்து உள்ளே நகர்ந்தான்.

"இன்னும் முடிவாகலடா" என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

தலைப்பக்கத்துக் கட்டையை நான் தொடவில்லை. கால்பக்கத்துக் கட்டையை மட்டும் தட்டிவிட்டேன். கொல்லும் எண்ணம் இருந்தால் இரண்டையும் தட்டியிருப்பேன். இதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். படகைத் தூக்க ஊரைக் கூப்பிட்டதும் நான்தான். ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான் ரத்தம் கொடுத்தேன். ஜெஸ்ஸி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பெற்றவள் அழுதால் யாருக்குத்தான் தாங்கும், எனக்கும் அழுகை வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அநியாயம். குழு கூடியதும் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம் பசங்க, அவங்களுக்கே குடுத்துடலாம்பா" என்றார். வாத்தியாரும் தலையாட்டினார். பாடம் சொல்லிக்கொடுப்பவரே பேச்சு மாறினால் ஊர் எப்படி உருப்படும்? எனக்கு வந்த கோபத்தில், கட்டையைத் தட்டியது நான்தான் என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். ஒருவன் வேலை மெனக்கெட்டுச் செய்ததை இப்படியா வீணாக்குவது?

அவர்கள்தான் என்னை இங்கே கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். நேற்று அரையிறுதி நடந்ததாம். லைட்ஹவுஸ் குப்பம் ஏழு கோல் வாங்கியது, ஒன்றுகூடத் திருப்பிப் போடவில்லை என்று உங்கள் கான்ஸ்டபிள் சொன்னார்.

ஆமாம் சார், அந்தப் பையனின் கால் போனது என்னால்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். வாத்தியாரை மட்டும் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள். ஸ்டீபன் இல்லாத டீமுக்குத் தகுதி கிடையாது என்று நான் சொன்னது சரியா, தப்பா?