ஏழாம் பெட் பாஸ்!

நூலகர்: ...ஒரே ஒரு கையெழுத்துதான் மாமா. போட்டீங்கன்னா போயிடுவேன்.

பேராசிரியர்: இந்த மெடிக்கல் காலேஜுக்குள்ள நான் உனக்கு மாமா இல்ல. சார்!

நூலகர்: சரிங்க சார். அக்கா டிபன் கேரியர் குடுத்து விட்டிருக்கு சார்.

பேராசிரியர்: வை. என்ன காகிதம் இது?

நூலகர்: லைப்ரரியில அந்த ஆன்லைன் தளம் இருக்கே... எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை, என்ன ஆதாரம்னு ஆராய்ச்சியெல்லாம் சலிச்சுப் போட்டிருப்பாங்களே... அதோட சந்தாவை இன்னொரு வருஷம் நீட்டிக்க.

பேராசிரியர்: அந்தச் சனியனா! நேத்து வைவா பரீட்சையில ஒருத்தி அதைப் படிச்சுட்டு வந்து எனக்கே பாடம் எடுக்கறா. ஏழாம் பெட் பெரியவரைக் காட்டி, "மாரடைப்பு. ஆக்ஸிஜன் வைக்கணுமா?"ன்னேன். "ரத்தத்துல அளவு நல்லா இருக்கு, தேவையில்ல சார்"ங்கறா!

நூலகர்: தப்பா?

பேராசிரியர்: எல்லாருக்கும் வைக்கணும்னு என் நோட்ஸ்ல இருக்கு.

நூலகர்: அது எந்த வருஷத்து...

பேராசிரியர்: நீ போய்ப் புத்தகத்துல தூசி தட்டு! அவளைப் பெயில் பண்ணியாச்சு.

நூலகர்: ஐயையோ, அடுத்த பரீட்சை வரை ஆறு மாசம் போச்சே... மார்க் ஷீட் போயிடுச்சா?

பேராசிரியர்: நாலு மணிக்குப் போகும். உனக்கென்ன கரிசனம்?

நூலகர்: எனக்கென்ன... நீங்க அந்தத் தளத்தைத் திறந்ததே இல்லையா சார்?

பேராசிரியர்: முப்பது வருஷ அனுபவம்யா! எனக்கெதுக்கு?

நூலகர்: அப்போ காகிதத்தோட இருக்கற இந்தப் பயன்பாட்டுப் பட்டியல்தான் பொய் சொல்லுது. நேத்து, மணி பதினொண்ணு பன்னிரண்டு. மாரடைப்பு, ஆக்ஸிஜன். உங்க கணக்குல இருந்து.

பேராசிரியர்: எ... எவனோ என் பாஸ்வேர்டைத் திருடிட்டான்!

நூலகர்: பாஸ்வேர்ட் அக்கா பேரு. அதுல கை வைக்க எவனுக்குத் துணிச்சல்?

பேராசிரியர்: ...கதவைச் சாத்து.

நூலகர்: வரும்போதே சாத்திட்டேன்.

பேராசிரியர்: வெளியூர்லருந்து வந்த எக்ஸாமினர் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தார்டா. ஒரு பொடிசு சொல்லி நான் தலையாட்டவா? பாத்ரூம் போற மாதிரி போய்... பார்த்தேன்.

நூலகர்: பார்த்துட்டு வந்து பெயில் போட்டீங்க. பிரமாதம்! அந்தப் பெரியவருக்கு இன்னும் ஆக்ஸிஜன் ஓடுதா... உங்க நோட்ஸ்படி?

பேராசிரியர்: ...இல்ல.

நூலகர்: யாரு நிறுத்தினது?

பேராசிரியர்: நான்தான். அவ மாடிப்படி இறங்கறதுக்குள்ள.

நூலகர்: ஆக, ஏழாம் பெட் பாஸ். சொன்னவ பெயில். நல்ல தீர்ப்பு சார்!

பேராசிரியர்: வாயை மூடு. பேனாவைக் குடு... இந்தா, மார்க்கைத் திருத்திட்டேன். வெளியூர்க்காரர்கிட்ட நான்தான் தப்புன்னு நானே போன்ல சொல்லிக்கறேன். உன் காகிதத்துலயும் போட்டாச்சு. இப்ப அந்தப் பட்டியலை என் கண் முன்னாடியே கிழி!

நூலகர்: எதுக்குக் கிழிக்கணும் மாமா? இதுல பேரும் வராது, நேரமும் வராது. மாசத்துக்கு எத்தனை தடவை திறந்தாங்கன்னு எண்ணிக்கை மட்டும்தான்... பதினொண்ணு பன்னிரண்டுக்கு நீங்க செல்போனோட பாத்ரூமுக்கு ஓடினதை நான் வராந்தாவுல நின்னு பார்த்தேன், மீதியை நீங்களே சொல்லிட்டீங்க, அவ்வளவுதான்!