எண்ணாத நாடி

மதியம் இரண்டு மணி. பேய் வருகிற நேரமா இது என்று சிரிக்காதீர்கள். கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் கட்டில்மேல் ஏறி நெருங்கி உட்காருங்கள். நாளைக்கு உங்களுக்கு வார்டில் பரீட்சை, அதனால்தான் இன்றைக்குச் சொல்கிறேன். இது என் சிநேகிதனின் கூடப் பிறந்த அக்காவுக்கு நடந்தது.

அன்றைக்கும் இதே மதிய நேரம். மருத்துவமனைக்குப் பின்னால், பழைய வார்டுக்குப் போகிற சாலை. ஈ, காக்கை இல்லை. அக்கா தனியாக நடக்கிறாள்... அவளுடைய செருப்புச் சத்தம் மட்டும் கூடவே வருகிறது. டாக்டர் படிப்பின் கடைசிப் பரீட்சை, ஏற்கெனவே இரண்டு தடவை ஃபெயில். இதிலும் போனால் படிப்பே போச்சு. பெரிய வார்டில் பரீட்சைக்கு நோயாளிகள் போதாமல், கடைசியாக மிஞ்சிய அவளை மட்டும் இங்கே தள்ளிவிட்டிருந்தார்கள்.

முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு நோயாளி, முக்கால் மணி நேரம். விசாரித்து, தொட்டு, தட்டி, கேட்டு, எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும். அப்புறம் எக்ஸாமினர் வந்து குடைவார்.

வார்டில் பினாயில் வாடை. அதற்கு அடியில் இன்னொரு வாடை... ஈரத் துணியை மூட்டை கட்டி வைத்த மாதிரி. ஃபேன் டக்... டக்... என்று சுற்றியது. நர்ஸைக் காணோம். கோடியில் ஒரு கிழவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஜன்னல் ஓரக் கட்டிலில், கழுத்துவரை போர்த்திக்கொண்டு ஒருவர் இவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா. பரீட்சையா? இதய வால்வு சுருங்கிப் போச்சுன்னு எழுதிக்க. போன வருஷம்கூட ரெண்டு பேரு என்னை வெச்சுத்தான் பாஸ் பண்ணாங்க."

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். மாடி ஏறினால் மூச்சு வாங்கும், ராத்திரி படுக்க முடியாது, கால் வீங்கும்... எல்லாம் புத்தகத்தில் உள்ளபடியே. மூச்சு வாங்கும் என்று சொன்ன மனுஷன், பேச்சுக்கு நடுவில் ஒரு தடவைகூட மூச்சு இழுக்க நிறுத்தவில்லை. அதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது. "நாடி பாக்கலையாம்மா?"

"பாக்கிறேன் ஐயா, இதோ."

பார்க்கவில்லை. எழுபத்திரண்டு என்று எழுதினாள். நீங்களும் அதைத்தானே எழுதுகிறீர்கள், ஏன் தலையைக் குனிகிறீர்கள்? அவர் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் இவள் தலை நிமிரவில்லை.

எக்ஸாமினர் வந்தார். பையன்கள் அவருக்கு வைத்த பெயர் கத்தரிக்கோல். சாப்பிடாத கோபம் முகத்தில் தெரிந்தது. அவர் பார்த்தது தாளை மட்டும்தான், கட்டில் பக்கம் திரும்பவே இல்லை.

"பல்ஸ் முழுசா ஒரு நிமிஷம் எண்ணினியா? பொய் சொன்னேன்னு தெரிஞ்சா இந்தத் தாளை இங்கேயே கிழிச்சுடுவேன்."

அக்கா நோயாளியைப் பார்த்தாள். கை நீட்டியபடியே இருந்தது.

"எண்ணினேன் சார். எழுபத்திரண்டு."

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பாஸ். கை மெல்ல... போர்வைக்குள் போனது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வெளியே ஓடி வந்தவள் நர்ஸ்மேல் மோதிக்கொண்டாள்.

"எங்கே போயிட்டீங்க?" என்றாள் நர்ஸ். "உங்க கேஸ் அந்தக் கோடிக் கட்டில் தாத்தா. யாரும் வரலைன்னு அவர் தூங்கியே போயிட்டாரு."

"ஜன்னல் ஓரம் இருக்காரே..."

"அவரு பதினோரு மணிக்கே அடங்கிட்டாரும்மா. டாக்டருங்க எல்லாம் பரீட்சையில மாட்டிக்கிட்டாங்க. ஒருத்தர் வந்து கையைப் பிடிச்சுப் பாத்துச் சொன்னாத்தானே நான் எழுத முடியும்? அதுக்குத்தான் கூப்பிடப் போனேன்."

அக்கா திரும்பிப் போய் அந்தக் கையைப் பிடித்தாள். ஐஸ் மாதிரி சில்லென்று, விறைத்துப்போய்... ஆனால் விரலுக்கு அடியில் துடித்தது. சீராக. ஒரு நிமிஷம் எண்ணினாள். எழுபத்திரண்டு.

டூட்டி டாக்டர் வந்தார். நெஞ்சில் ஸ்டெத் வைத்தால் ஒன்றுமே இல்லை. கண்ணில் டார்ச் அடித்தால் அசைவில்லை. மணிக்கட்டில் மட்டும் துடிப்பு. அவர் கையை உதறிவிட்டு நகர்ந்தார். அடுத்தவர் வந்தார், அவரும் அப்படியே. நாடி ஓடுகிற ஆளைச் செத்ததாக யார் எழுதுவார்கள்? மூன்றாம் நாள் வார்டில் வாடை தாங்கவில்லை. வாசல் பெஞ்சில் அந்த நோயாளியின் சம்சாரம், வருகிற போகிறவர்களை எல்லாம் பிடித்து, "வீட்டுக்கு எப்போ கூட்டிட்டுப் போகலாம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். தனியாக. அவர் காதருகே குனிந்தாள்.

"ஐயா... என்னை மன்னிச்சிடுங்க. நான் அன்னைக்கு எண்ணவே இல்லை."

கறுத்துப்போன உதடு அசைந்தது.

"எனக்குத் தெரியும்மா. அதை அந்தப் பரீட்சை வெச்சவர்கிட்ட சொல்லு. என்னை விட்டுடுவாங்க."

சொன்னாளா என்றுதானே கேட்கிறீர்கள்?

அவள் இன்றைக்கு டாக்டர்.