முதுகில் மண் படாதவன்

எனக்கு இடுப்புவலி, நீதிபதி ஐயா. உட்கார்ந்தால் எழ முடியாது, நின்றே சொல்கிறேன். சிக்கியோன் நகரத்து மற்கூடத்தில், மல்லர்கள் மோதுகிற குழியில் மண் கொத்துகிறவனுக்கு வருகிற வலிதான். விடிந்ததும் மற்குழியைக் கணுக்கால் புதையக் கொத்திவிட வேண்டும். கொத்தாவிட்டால் அது மண் இல்லை, பாறை.

மல்லன் தெரோனைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? நல்ல பிள்ளை. எனக்கு அத்திப்பழம் கொண்டுவந்து தருவான். முதல் சந்தேகம் அதில்தான் விழுந்தது.

மல்லர்கள் எண்ணெய் பூசி, மேலே புழுதி தூவிக்கொண்டு குழிக்குள் இறங்குவார்கள். புழுதி இருந்தால்தான் எதிராளிக்குப் பிடி கிடைக்கும். முதுகு மண்ணைத் தொட்டால் வீழ்ச்சி. விழுந்துவிட்டு மீசையில் மண் ஒட்டவில்லை என்கிறவனை நம்பலாம், மனிதன் அப்படித்தான். தெரோன் விழவே இல்லை. தலைமயிருக்குள் எண்ணெயை ஒளித்துவைத்து, பிடி இறுகும்போது பிடரியில் வழித்துக்கொண்டு நழுவிவிடுகிறான் என்று கண்டுபிடித்தேன். கண்ணால் பார்க்கவில்லை. கண்டுபிடித்தேன்.

“என்ன தாத்தா, என் முதுகையே மொறைக்கிறே? பொண்ணு குடுக்கப் போறியா?”

“மண்ணு ஒட்டுதான்னு பாக்குறேன்ப்பா.”

“நீ கொத்துற மண்ணு மெத்தையாட்டம் இருக்கு. ஒருநாள் விழுந்து தூங்கிட வேண்டியதுதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் குழி முழுக்கக் கொத்தினேன், நடுவில் ஒரு பாய் அகலம் தவிர. அதன்மேல் மெல்லிசாக மணலைத் தூவினேன். அது சோதனை, ஐயா, வேறொன்றுமில்லை. மற்கூடம் ஹெர்மிஸ் தெய்வத்தின் இடம். யோக்கியன் கால் அந்த இடத்துக்குப் போக அவர் விடுவாரா?

புதையும் என்று நம்பி தெரோன் ஊன்றிய கால் வழுக்கிவிட்டது. பின்மண்டை மோதிய சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. பக்கத்தில் நின்றவர்கள் அவன் விளையாடுகிறான் என்றே நினைத்தார்கள்.

செத்த உடம்பை, மல்லர்கள் எண்ணெயும் புழுதியும் வழிக்கிற சுரண்டியால் வழித்துச் சுத்தம் செய்தவனும் நான்தான். மயிரைப் பிரித்துப் பிரித்துத் தேடினேன். எண்ணெய் இல்லை. எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரன் பாருங்கள், அன்றைக்கென்று ஒளித்துவைக்காமல் வந்திருக்கிறான். முதுகில் மட்டும் மண் இருந்தது.

ஆமாம், கொத்தாமல் விட்டது நான். அங்கே கால் வைத்தது அவன்.

இன்று காலையிலும் நானே கொத்தினேன். உங்கள் மகனும் இதுவரை விழுந்ததே இல்லையாமே? நேற்று எனக்கு அத்திப்பழம் கொண்டுவந்து கொடுத்தான். இந்நேரம் குழிக்குள் இறங்கியிருப்பான்.

எதற்கு ஐயா ஓடுகிறீர்கள்? பையன் யோக்கியனாக இருந்தால் ஒன்றும் ஆகாது.