மாம்பழ மஞ்சள் கோப்பை

அறுபது வயதுக்கு மேல் களிமண் பிசையக் கற்றுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இன்ஸ்பெக்டர் சார். துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் கிரேன் ஓட்டிய லியோனார்ட் என்றால் ராயபுரத்தில் எல்லோருக்கும் தெரியும். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்ததும் கை நமநமத்தது. தண்டையார்பேட்டையில் ஒரு பழைய குடோனில் மதி என்ற பெண் ஞாயிறு காலையில் மண்பாண்ட வகுப்பு எடுப்பதாகக் கேள்விப்பட்டு, போய்ச் சேர்ந்தேன்.

முதல் நான்கு மாதம் பட்ட அவமானம் சொல்லி மாளாது. சக்கரத்தில் வைத்த மண் கோணிக்கொண்டு போகும். தப்பித் தவறி நிமிர்ந்து நின்ற ஒன்றிரண்டும் சூளையில் விரிசல் விடும். என் மனைவி ரெஜினா ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்ப்பாள். "இன்னாய்யா இது, ஆமையா?" என்று சிரிப்பாள். ஊரே சிரித்திருந்தாலும் தாங்கியிருப்பேன். அவள் சிரித்தது வயிற்றெரிச்சலாக இருந்தது.

ஐந்தாம் மாதம் ஒரு கோப்பை உருப்படியாக வந்தது. திருவொற்றியூர் காயலான் கடையில், பாண்டத்துக்கு மினுக்கம் ஏற்றும் பழைய பூச்சுப் பொடி ஒரு டப்பா கிடைத்திருந்தது. மதியிடம் சொல்லாமல் அதைக் கரைத்துப் பூசினேன். சூளையிலிருந்து எடுத்தபோது மாம்பழ மஞ்சள், அப்படி ஒரு பளபளப்பு.

"மெய்யாலுமே நீயா செஞ்ச? சோக்கா கீதுய்யா" என்றாள் ரெஜினா. அன்றிலிருந்து அவளுக்குக் காலையில் எலுமிச்சைச் சாறு அதில்தான்.

இரண்டு வாரம் கழித்து மதி அந்த டப்பாவைப் பார்த்துவிட்டாள். "அங்கிள், இதுல ஈயம் கீது. அழகு சாமானுக்குத்தான் பூசலாம். புளிப்பா எதுனா ஊத்திக் குடிச்சா ஈயம் கரைஞ்சு உடம்புல ஏறிடும்" என்றாள். பூ ஜாடிக்குத்தான் பூசினேன் என்றேன்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வீட்டுக்கு வந்தேன். ரெஜினா பக்கத்து வீட்டுக் கீர்த்தியிடம் கோப்பையைக் காட்டிக்கொண்டிருந்தாள். "எங்க வூட்டுக்காரர் செஞ்சது. இதுல குடிச்சா எலுமிச்சை கூட இனிக்குதுடி" என்றாள். ஈயம் நாக்குக்கு இனிக்கும் என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் சொல்லவில்லை.

முதலில் அவளுக்கு வயிற்று வலி வந்தது. பிறகு மணிக்கட்டு தொங்கிப்போயிற்று. அவளால் கோப்பையைப் பிடிக்க முடியாதபோது நானே அவள் வாயில் வைத்துக் கொடுத்தேன், ஒரு சொட்டு சிந்தாமல். வீட்டில் புதிதாக ஏதாவது பாத்திரம் உண்டா என்று டாக்டர் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் இல்லை என்றேன். நான் மட்டும் எவர்சில்வர் டம்ளரில் குடித்து வந்ததையும் எழுதிக்கொள்ளுங்கள், எதையும் மறைக்கும் ஆள் இல்லை நான்.

கடைசி வாரம் அவளுக்குப் பேச்சு குழறியது. அப்போதும் ஒரு வாய் குடித்துவிட்டு, இனிக்கிறது என்று தலையை ஆட்டுவாள். அவள் சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை, சார். நாளைக்கும் ஒருமுறை அவள் அப்படிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.