ரெண்டும் இடது கால்

மோரக்: ...இந்தப் பெட்டியையும் திற.

டீபெனே: திறக்காமலே சொல்றேன். ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ்.

மோரக்: திற டீபெனே.

டீபெனே: ஐயையோ... ரெண்டும் இடது கால்!

மோரக்: ரொம்ப நடிக்காதே. பதினோரு வாரமா ஒவ்வொரு புதன்கிழமையும் இதே கூத்து.

டீபெனே: இந்த இன்வர்கார்கில் ஊர்க் குளிர்ல கை மரத்துப் போகுது. பெட்டி கட்டுறவனுக்கு இடது எது, வலது எதுன்னு...

மோரக்: வியாழக்கிழமை குளிராதா?

டீபெனே: ...குளிரும்.

மோரக்: இந்தா, என் சார்ட்டைப் பாரு. ஒரு நாளைக்கு எத்தனை பெட்டி தப்போ, அதுக்கு ஒரு புள்ளி. திங்கள் ரெண்டு, செவ்வாய் நாலு, வியாழன் ஒண்ணு. புதன்...

டீபெனே: ஆறு. சிவப்புக் கோடு அஞ்சுல. புள்ளி அதைத் தாண்டினா நீ மாடியிலேருந்து இறங்கி வந்து எங்க உயிரை வாங்கணும். சீஸ் வச்சுச் சுருட்டின ரொட்டி, சீஸ் ரோல் சாப்பிடறியா? சூடா இருக்கு.

மோரக்: பேச்சை மாத்தாதே. சாயங்காலத்துக்குள்ள காரணம் எழுதித் தரணுமாம். இல்லேன்னா உன்னைத் தூக்கிடுவேன்னு மேனேஜர் ஃபிரேசர் சொல்லிட்டாரு.

டீபெனே: தூக்கி... வேற மேஜைக்கா?

மோரக்: வீட்டுக்கு.

டீபெனே: ...வெண்ணெய் இன்னும் கொஞ்சம் தடவட்டுமா?

மோரக்: விளையாடாதே! நிஜத் தப்புன்னா ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். உன் புதன்கிழமை அசையவே மாட்டேங்குது. பதினோரு வாரமும் ஆறு. அஞ்சும் இல்ல, ஏழும் இல்ல.

டீபெனே: ஒழுங்கான ஆளுங்க நாங்க.

மோரக்: எல்லாம் டீ நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி. ஒரு பண்ணைக்காரர்கூட போன் பண்ணித் திட்டல. ஏன்னா ஒரு பெட்டியும் லாரி ஏறல. யாரோ வேணும்னே செய்றாங்க.

டீபெனே: அடப்பாவி... யாரா இருக்கும்?

மோரக்: தனியா திங்கறவன் மேஜையில ரெண்டு தட்டு எதுக்கு?

டீபெனே: சரி... சரி. காலைலேருந்து நிஜமா எத்தனை தப்புன்னு எண்ணுவேன். ரெண்டுன்னா, மீதி நாலை நானே சேர்ப்பேன். ஆறு ஆனதும் ரோலை அடுப்புல வைப்பேன். நீ படியிறங்கி வர்றதுக்குள்ள பொன்னிறமா ஆயிடும்.

மோரக்: வாயேன்னு ஒரு வார்த்தை கூப்பிட்டா ஆகாதா?

டீபெனே: கூப்பிட்டு நீ வரலேன்னா? புள்ளி கூப்பிட்டா வந்துதானே ஆகணும். ...எழுதிக்கோ. காரணம், டீபெனே. வேலை போனா போகுது. உன்னைப் பிடிச்சிருக்குன்னும் வேணும்னா சேர்த்துக்கோ.

மோரக்: அதுக்கு அந்தப் படிவத்துல கட்டம் இல்ல. உன் வேலையும் போகாது. கோடு தப்புன்னு எழுதப்போறேன், திட்டு எனக்குத்தான். கணக்குப்படி அது எட்டுல வரணும்.

டீபெனே: எட்டா! எனக்கு ஆறுக்கே நாக்குத் தள்ளுது... அதை அஞ்சுல போட்ட மடச்சாம்பிராணி யாரு?

மோரக்: ...கோடு எட்டுல இருந்தப்ப, மே மாசம் முழுக்க ஒரு புள்ளிகூட அதைத் தாண்டலப்பா. கீழ இறங்கி வர எனக்கும் ஒரு சாக்கு வேணாமா? ரோலைக் குடு, ஆறிப்போகுது.