உஸ்ஸுக்கு ஒரு பொத்தான்

நாயி, பூனை, ரயிலு. அதானே எதிர்பாக்கறீங்க? மிமிக்ரி பண்றவன்னு சொன்னா போதும், எல்லாரும் மூஞ்சிய இப்பிடித்தான் வச்சுக்கறாங்க, மிட்டாய்க்குக் காத்திருக்கற கொழந்தை மாதிரி. அதெல்லாம் நான் பண்றதில்ல மேடம். நமக்குப் பொடிச் சத்தம்தான். பலூன் டப்புனு வெடிக்கறது, சோடா மூடி தெறிக்கறது, விரல்ல நெட்டி முறிக்கறது. ஈரக் கை பட்டா இஸ்திரிப் பெட்டி சுர்ருங்குமே, அது. இருங்க, போட்டுக் காட்டறேன்.

பாத்தீங்களா, வெடுக்குனு கையத் தூக்கிட்டீங்க. சுட்ட மாதிரி இருந்துச்சுல்ல?

இவ என் வீட்டுக்காரி. மூலையில உக்காந்து உச்சுக் கொட்டறா பாருங்க. அதுலயும் ரகம் வச்சிருக்கா. பால் பொங்கினா ஒரு உச்சு, நான் வாயத் திறந்தா ஒரு உச்சு.

சரி, ஆரம்பிங்க. சத்தம் கேட்டா பொத்தான அமுக்கணும், கேக்கலன்னா சும்மா இருக்கணும். புரியுது. அதுக்கு ஏன் செவுத்தப் பாத்து உக்கார வச்சிருக்கீங்க, வாத்தியார் தண்டனை குடுத்த மாதிரி? எதிர்ல என்ன படம் இது, நத்தையா? ஓ, காதுக்குள்ள இருக்கறதா. கண்ணாடியெல்லாம் போட்டு கல்யாண ஃபோட்டோ மாதிரி மாட்டியிருக்கீங்க.

ம். இதோ. இதோ. பூம்னு கப்பல் ஊதற மாதிரி வந்துச்சு. இதெல்லாம் ஒரு பரீட்சையா?

பேசக் கூடாதா. மன்னிச்சுக்கோங்க. ஒரு நிமிஷம், இந்த ஹெட்ஃபோன ஒரு பக்கம் கழட்டிக்கறேன். வாய மூடிக்கிட்டு இருந்தா எனக்குக் கையெல்லாம் வேர்க்குது மேடம். ஏன்னா கேக்கறீங்க? எங்க ஆளுங்க ஒண்ணும் சொல்லி அனுப்பலையா?

நான் லாண்டரியில பாய்லர் பாக்கறவன். மிமிக்ரி சும்மா மேடைக்கு. ஆஸ்பத்திரிப் போர்வை, ஓட்டல் துண்டுன்னு ஊர் அழுக்கெல்லாம் எங்ககிட்டதான் வரும். எல்லாத்துக்கும் நீராவிதான். அந்தப் பாய்லருக்கு ஒரு குணம் உண்டு, கோவம் வந்தா எடுத்த எடுப்புல வெடிக்காது. மொதல்ல வால்வு மெல்ல சீறும். உஸ்ஸுன்னு, பல்லிடுக்குல காத்து விடற மாதிரி. மீட்டர் முள்ளும் காட்டும்தான், ஆனா முள்ளையே மொறச்சுக்கிட்டு யாரு உக்காந்திருப்பா? அந்த உஸ்ஸக் கேட்டு பர்னர அணைச்சுட்டா ஒண்ணுமில்ல. கேக்காம விட்டா அடுத்தது டமால்தான். செவுத்துக்கு அந்தப் பக்கம் பொம்பளைங்க போர்வை மடிச்சுக்கிட்டு இருப்பாங்க. சரி, அத விடுங்க.

போன வாரம் அது சீறிச்சாம். நான் பக்கத்துலயே உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருந்தேனாம். இஸ்திரி போடற அக்கா ஓடி வந்து அணைச்சா. அணைச்சுட்டு என்னை ஒரு பார்வை பாத்தா மேடம், அந்தப் பார்வைக்கு மட்டும் எனக்கு மிமிக்ரி வராது. ஃபேன் கடகடன்னு ஓடிச்சுய்யா, அதான் காதுல விழலன்னு மேஸ்திரிகிட்ட சொன்னேன். அவன் நம்பல. காது நல்லாருக்குன்னு நீங்க சொன்னாத்தான் பாய்லர் பக்கம் விடுவானாம். இல்லன்னா வாசல்ல ஸ்டூல் போட்டு, வர்ற வண்டிக்கெல்லாம் கேட்டுக் கதவு திறக்கற வேலை. இவ்வளவு வருஷம் நெருப்போட குடித்தனம் பண்ணிட்டு, இப்ப கேட்டுக் கதவு.

சரி, மாட்டிக்கறேன். இப்ப சன்னச் சத்தமா? அட, நம்ம ஏரியா. வாங்க.

இதோ.

இதோ. ஊசி குத்தின மாதிரி வந்துச்சு.

இது ரொம்பப் பொடிசு, இருந்தாலும் புடிச்சுட்டேன் பாருங்க. நம்ம டைமிங் அப்பிடி. நாடகத்துல ஒருத்தன் தீக்குச்சி உரசற மாதிரி நடிப்பான், திரைக்குப் பின்னாடி நின்னு சர்ருனு நான் குடுப்பேன். அவன் கையவே பாத்துக்கிட்டு இருப்பேன். ஒரு மயிரிழை முன்ன பின்ன ஆகாது.

இதோ.

என்ன, நீ ஏன் இப்ப எழுந்திருக்கறே? கத்தாதடி, இத மாட்டியிருந்தாலும் நீ பேசறது கேக்குது. மேடம், அவளக் கண்டுக்காதீங்க. நீங்க அடுத்த சத்தத்தப் போடுங்க.

என்னது?

மேடம் சத்தமே போடலையா, மூக்குக்கண்ணாடியத்தான் ஏத்தி விட்டாங்களா.

அதுக்கு நான் ஏன் அமுக்கினேன்னு கேக்கறே.

மேடம், அந்த நத்தைப் படத்துக் கண்ணாடியில உங்க கையி நல்லாத் தெரியுது. பளிச்சுனு தொடச்சு வச்சிருக்கீங்க.

மொதல்ல ஒண்ணு போட்டுக் காட்டினேனே, இஸ்திரிப் பெட்டி? அது எனக்கே கேக்கல. கேட்டு ரொம்ப நாளாச்சு. எங்க மடங்கணும்னு நாக்குக்குத் தெரியும், அது பாட்டுக்குப் பண்ணிடும். நீங்க வெடுக்குனு கையத் தூக்கினீங்க பாருங்க, அதுலதான் சரியா வந்திருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டேன்.

உக்காருடி. உன்னை ஒண்ணும் சொல்லல. இப்பக்கூட கொட்டறியே, உதடு தெரியுது. இது எந்த உச்சு?