இரண்டு பலகையும் ஒரு எவர்சில்வர் தட்டும்

எவர்சில்வர் வந்த பிறகு பெண்பிள்ளைகளுக்கு நேரம் மிச்சமாகிவிட்டது என்பது என் அபிப்பிராயம். பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த காலத்தில் ஒருத்திக்கும் வேறு எதையும் நினைக்கப் பொழுதில்லை. இப்போது தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பேப்பர் படிக்கிறார்கள். என் வீட்டில் நடந்ததும் அதுதான். போட்டிக் கமிட்டியார் ஐந்து பேரும் என்னைக் கூப்பிட்டு, பெஞ்சில் உட்காரவைத்து, டீயும் வரவழைத்துக் கொடுத்து மரியாதையாகக் கேட்கிறீர்கள். நானும் ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். டீயில் சர்க்கரை கொஞ்சம் கம்மி, பரவாயில்லை.

உங்களுக்கு என்னைத் தெரியும். செஞ்சிக் கடைத்தெருவில் உத்திராபதி பாத்திரக்கடை என்றால் சிங்கவரம், தொண்டூர் வரைக்கும் தெரியும். பெயர் வெட்டாமல் என் கடையை விட்டு ஒரு கரண்டி வெளியே போனதில்லை. உளியும் சுத்தியும் எடுத்து நானே புள்ளி புள்ளியாக வெட்டுவேன். நூல் பிடித்த மாதிரி எழுத்து நேராக நிற்கும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் தேவைப்படும் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

போன ஆயுத பூஜை முடிந்த கையோடு நம் தலைவர் மிலிட்டரி இராமச்சந்திரன் டில்லியிலிருந்து வந்து, அங்கே டெலிவிஷன் என்று ஒரு பெட்டி பார்த்ததாகச் சொன்னார். அதற்குள் ஆட்கள் உட்கார்ந்து கேள்வி கேட்கிறார்கள், பதில் சொல்கிறார்கள், எங்கேயோ தூரத்தில் நடப்பதை இங்கே உட்கார்ந்து பார்க்கலாம் என்றார். நம் ஊருக்கு அது வருவதற்குள் நமக்கெல்லாம் பல் போய்விடும் என்று நான்தான் சொன்னேன். சரக்கு வந்த பலகைப் பெட்டிகளைப் பிரித்து ஒரு பெரிய சட்டம் அடித்து, சந்தைத் திடல் மேடையில் நிறுத்தச் செலவு செய்தவனும் நான்தான். சட்டத்துக்குப் பின்னால் நாலு பேர் உட்கார்ந்தால் முன்னாலிருந்து பார்க்க மார்பு வரைக்கும் தெரிவார்கள். தோற்றவர் முகத்துக்கு நேரே திரையை இழுத்துவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை பத்து மணிக்கு 'செஞ்சி டெலிவிஷன் விளையாட்டுப் போட்டி'. கேள்வி இராமச்சந்திரன், பரிசு நான்.

முதல் வாரம் பரிசு ஒரு டம்ளர். கையைத் தூக்கிப் பதில் சொல்ல வேண்டும். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கை எழுந்தது. எழுந்த கையில் இருந்த வளையலை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று நினைத்தேன். என் சம்சாரம் உண்ணாமலை. ஹாக்கி, புட்பால், டென்னிஸ் என்று ஏழு கேள்விக்கும் சரியாகச் சொன்னாள். பதினைந்து வருஷமாகக் கடைக்குப் பின்கட்டில் உட்கார்ந்து பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்றிக் கட்டுவது அவள் வேலை. சுற்றுவதற்கு முன் படித்திருக்கிறாள். எனக்குத் தெரியவே தெரியாது. என் கடை டம்ளரைக் கொண்டுவந்து என் வீட்டு அலமாரியிலேயே வைத்தாள்.

மறுவாரம் பரிசைக் குடமாக்கினேன், பதிலைச் சிலேட்டில் எழுத வேண்டும் என்றேன். குடம் வீட்டுக்கு வந்தது. அதற்கடுத்த வாரம் இட்லிப் பானை. வாயில் ஒரு கை முறுக்கை முழுசாகப் போட்டுத் தின்று முடித்துவிட்டுத்தான் வாய் திறக்கலாம் என்று விதி போட்டேன். மற்றவர்கள் புரையேறித் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் நிதானமாக மென்று விழுங்கிவிட்டு விம்பிள்டனைப் பற்றிச் சொன்னாள். ஊரில் பேச்சு கிளம்பியது. "கடக்காரன் பாத்திரம் கடக்காரன் வூட்டுக்கே போவுது, இதுக்கு நாம இன்னாத்துக்கு வெயில்ல குந்தணும்" என்று என் காதுபடவே சொன்னார்கள். ஒரு வியாபாரிக்கு இதைவிடக் கேவலம் உண்டா என்று நீங்களே யோசியுங்கள்.

அதனால்தான் கடைசி விதியைக் கொண்டுவந்தேன். கமிட்டி நோட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: 'விடை எண்ணாக இருக்க வேண்டும். விடையை வாயால் சொல்லக்கூடாது. பாத்திரத்தின் மூலமாக மட்டுமே தெரிவிக்க வேண்டும்.' ஒவ்வொருவருக்கும் ஒரு தாம்பாளம், ஒரு கரண்டி. ஏழு என்றால் ஏழு அடி. கடைக்கும் விளம்பரமாச்சு. இந்த விதியில்தான் தொண்டூர் துரைக்கண்ணு முன்னுக்கு வந்தார். தங்கமான மனிதர். மூன்று பெண்களுக்குக் கல்யாணச் சீர் வாங்க என் கடைக்குத்தான் வருவார். அவருக்கு எந்த விளையாட்டும் தெரியாது, அது அவர் குற்றமில்லை. எந்தக் கேள்விக்கும் ஆறு தடவை அடித்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைப்பார். ஆறு என்பது பல கேள்விகளுக்கு நல்ல விடையாக அமைந்துவிட்டது. இறுதிப் போட்டிக்கு அவரும் உண்ணாமலையும் மட்டும் நின்றார்கள்.

இந்த இடத்தில்தான் தலைவர் என்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தார். இறுதிப் போட்டிக்குப் பாத்திரம் வேண்டாம், மெட்ராஸில் பொங்கல் சமயம் நடக்கிற டெஸ்ட் மேட்ச்சுக்கு தன் பழைய மிலிட்டரி ஆபீசர் இரண்டு டிக்கெட் அனுப்பியிருக்கிறார், அதுதான் பரிசு என்று மைக்கில் சொல்லிவிட்டார். கூட ஒரு எவர்சில்வர் சொம்பு மட்டும் என் பொறுப்பு.

அன்று மத்தியானம் உண்ணாமலை சோறு போட்டுக்கொண்டே பேசினாள். கல்யாணமான நாள் முதல் அது வேண்டும் இது வேண்டும் என்று கேட்டவள் இல்லை.

"ஒரு மேட்ச்ச முழுசா கண்ணால பாத்துடணுங்க. எல்லாத்தையும் பேப்பர்லயே பாத்துகினு இருக்கேன், அதுவும் கிழிச்ச பேப்பரு. பாதி மேட்ச்சுல யாரு ஜெயிச்சாங்கன்னே எனக்குத் தெரியாது. மீதிப் பேப்பரு யாரு வூட்டுக் கொடத்தோடயோ போயிடுது."

"ரெண்டு டிக்கெட்டாச்சே. ரெண்டாவது யாருக்கு?" என்றேன், சாதாரணமாகத்தான்.

"பக்கத்து வூட்டுப் பவுனம்மாள இட்டுகினு போறேன். நீங்க வந்தா ஜெயிக்கிற கப்ப காட்டி, இது இத்தினி கேஜு தகடு, இதுக்குப் பாலீஸ் பத்தாதுன்னு சொல்லிகினே இருப்பீங்க. நான் ஆட்டத்தப் பாக்கறதா, உங்களப் பாக்கறதா?"

எனக்கு இதில் துளியும் வருத்தமில்லை. அன்று நான் மோர்ச் சோறு வேண்டாம் என்று எழுந்ததற்குக் காரணம் வயிற்று உப்புசம். இதற்கும் பின்னால் நடந்ததற்கும் சம்பந்தமே கிடையாது. நான் செய்ததெல்லாம் ஊர் நியாயத்துக்காகச் செய்தது.

சனிக்கிழமை கடையைக் கட்டிய பிறகு "நாளைக்கு நீ ஜெயிக்கணும்ல, வெடியங்காலையே ராஜகிரி மேல போயி ரங்கநாதரக் கும்புட்டு வந்துடலாம்" என்றேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது. ஐந்து மணிக்கெல்லாம் கிளம்பினோம். அவள் பசி தாங்க மாட்டாள் என்பதால் புளியோதரை கட்டச் சொன்னேன். வாழை இலை வேண்டாம் என்று புது எவர்சில்வர் தட்டு ஒன்றை முதல் நாளே வாசலில் உட்கார்ந்து தேய்த்து, 'உண்ணாமலை' என்று பெயரும் வெட்டி வைத்திருந்தேன். இப்படிச் செய்கிறவனைக் கொடுமைக்காரன் என்று சொல்ல முடியுமா?

ராஜகிரி உச்சிக்குப் போவதற்கு முன்னால் ஒரு பெரும் பள்ளம், அதன் மேல் மரப்பாலம். அந்தச் சமயம் அங்கே மராமத்து நடந்துகொண்டிருந்தது. பலகைகளை ஆணி அடிக்காமல் சும்மா பரப்பியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஆட்கள் இல்லை. இருவரும் தாண்டிப் போனோம், கும்பிட்டோம். "நீ நெழல்ல குந்து, கீழ சுனையில தண்ணி மொண்டாறேன்" என்று சொல்லிவிட்டு நான் மட்டும் திரும்பிப் பாலத்தைத் தாண்டினேன். தாண்டிய பிறகு இந்தப் பக்கத்திலிருந்து இரண்டு பலகைகளை இழுத்து எடுத்துப் புல்லில் போட்டேன். இரண்டே பலகை. மற்றதையெல்லாம் தொடவே இல்லை. அந்தப் பலகை மேல் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு இறங்கினேன்.

வழியில் ஏறிவந்த நாலைந்து பேரிடம், மேலே தேன்கூடு கலைந்து கிடக்கிறது, போனால் முகம் பூசணிக்காய் ஆகிவிடும் என்று எச்சரித்துத் திருப்பி அனுப்பினேன். பாலம் அரைகுறையாகக் கிடக்கிறபோது பொதுஜனம் போய் விழுந்துவிடக் கூடாதல்லவா?

பத்து மணிக்கு மேடைக்கு வந்துவிட்டேன். உண்ணாமலை எங்கே என்றார்கள். உடம்பு சரியில்லை என்றேன். சட்டத்துக்குள் துரைக்கண்ணு மட்டும் எண்ணெய் வைத்துத் தலைவாரி உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி வெற்றிலைத் தட்டோடு முன்வரிசையில் இருந்தாள். மூன்று கேள்வி, ஒன்றுக்குச் சரியாக அடித்தால் போதும், டிக்கெட் அவருக்கு. ஒலிபெருக்கிக் குழாயைப் போன வாரமே ராஜகிரிக் கோட்டைப் பக்கம் திருப்பிக் கட்டச் சொன்னவன் நான். அந்தப் பக்கத்து ஜனங்களுக்கும் கடைப் பெயர் கேட்கட்டும் என்று செய்தது.

"கபடியில ஒரு பக்கம் எத்தினி பேர் ஆடுவாங்க?" என்று தலைவர் மைக்கில் கேட்டார்.

துரைக்கண்ணு ஆறு அடி அடித்தார். அப்போது பவுனம்மாள் எழுந்து நின்றாள்.

"யம்மா, மலமேல இன்னாமோ மின்னுது பாருங்க."

ஜனம் மொத்தமும் கழுத்தைத் திருப்பியது. ராஜகிரி உச்சியில் வெளிச்சம் பளிச்சென்று அடித்து அணைந்தது. அடித்தது, அணைந்தது. யாரோ எண்ண ஆரம்பித்தார்கள். ஏழு தடவை. பிறகு நின்றுவிட்டது.

"அது உண்ணாமலதான்" என்றாள் பவுனம்மாள். "அது அந்தத் தட்டுதான். நேத்து அவரு குந்திகினு தேய் தேய்னு தேச்சாரே. எங்க வூட்டுச் செவுத்துலல்லாம் வெளிச்சம் ஆடிச்சி."

தலைவர் இரண்டாவது கேள்வி கேட்டார். வாலிபால். துரைக்கண்ணு ஆறு அடித்தார், சரி. மலையும் ஆறு அடித்தது. மூன்றாவது, "ஆஸ்திரேலியாவுல கிரிக்கெட் ஆடினா ஒரு ஓவருக்கு எத்தினி பந்து?" துரைக்கண்ணு ஆறு. திடலில் பாதிப் பேர் ஆறு என்று கத்தினார்கள். நானும் ஆறு என்றுதான் நினைத்தேன். மலை மட்டும் எட்டு தடவை மின்னியது. தலைவர் கையிலிருந்த சீட்டைப் பார்த்துவிட்டு மலையை நிமிர்ந்து பார்த்தார். எட்டுதான் சரி.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். விதிப்படி விடை பாத்திரத்தின் மூலமாகத்தான் வந்திருக்கிறது என்று ஒரு கட்சி. ஆள் டெலிவிஷனுக்குள் உட்காரவில்லையே என்று தொண்டூர்க் கட்சி. தூரத்தில் நடப்பதை இங்கிருந்து பார்ப்பதுதான் டெலிவிஷன், இத்தனை வாரத்தில் உண்ணாமலை ஒருத்திதான் அதில் வந்திருக்கிறாள் என்று தலைவர் தீர்ப்பு மாதிரி சொன்னார். சொல்லிவிட்டுச் சொம்பைத் துணி நீக்கி எடுத்தார். எடுத்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா உத்திராபதி, ஆட்டம் ஆடறதுக்கு முன்னாடியே ஸ்கோர் போட்டுட்டியா?"

சொம்பில் 'வெற்றி பெற்ற துரைக்கண்ணு, தொண்டூர், 8-1-67' என்று நேர்த்தியாக வெட்டியிருந்தது. நான் முன்னமே சொன்னேனே, பெயர் வெட்டாமல் என் கடையிலிருந்து ஒன்றும் வெளியே போகாது. சனிக்கிழமையே வெட்டிவிட்டேன். வேறு எந்தத் தொழில்காரனாக இருந்தாலும் தப்பித்திருப்பான்.

மேலே போய்ப் பலகையைப் போட்டபோது கூட்டத்தில் முதல் ஆளாக நின்றவன் நான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். உண்ணாமலை புளியோதரையைக் குரங்குகளுக்குப் போட்டுவிட்டுத் தட்டை முந்தானையால் துடைத்துவைத்திருந்தாள். உதடெல்லாம் காய்ந்திருந்தது. என்னைத் தாண்டிப் போய்த் தலைவரிடம், "கடசிக் கேள்வி எட்டுதானுங்களே? அந்தப் பேப்பரு பாதிதான் இருந்திச்சி, அதான் சந்தேகமா இருந்திச்சி" என்றாள். அதற்குப் பிறகு மூன்று நாளாகிறது. என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. களைப்பாக இருக்கும்.

இப்போது தொண்டூர்க்காரர்கள், மேலே யாரோ கூட இருந்து விடை சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று மனுக் கொடுத்திருக்கிறார்கள். அது நிரூபணமானால் டிக்கெட் கைமாறிவிடும் என்கிறீர்கள். அதற்காகத்தான் மறைக்காமல் சொல்கிறேன். மேலே ஒரு ஈ காக்கை கிடையாது. பலகையை எடுத்தது நான். தேன்கூடு என்று பொய் சொல்லி ஆட்களைத் திருப்பியது நான். ஒரு வாய் தண்ணீர்கூட வைக்காமல் அவளை உச்சியில் தன்னந்தனியாக விட்டுவந்தது நான். அவள் தனியாகத்தான் இருந்தாள் என்பதற்கு என்னைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது. டிக்கெட்டை அவளுக்கே கொடுங்கள்.

இரண்டாவது டிக்கெட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. தட்டைத் தேய்த்தவன் நான், குழாயை மலைப் பக்கம் திருப்பியவன் நான், வெயில் படுகிற உச்சியாகப் பார்த்து அழைத்துப்போனவனும் நான். இதில் பவுனம்மாள் செய்தது என்ன, மின்னுது என்று சொன்னது ஒன்றுதான். அதுவுமில்லாமல் அவளுக்கு பஸ்ஸில் தலை சுற்றும். ஆகவே வியாழக்கிழமை முதல் பஸ்ஸுக்கு நானும் கிளம்பத் தயாராக இருக்கிறேன் என்று உண்ணாமலையிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும். நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அவள் பயந்துவிடுவாள்.